கைவினைச் சவரச் சோப்பு

ஊரில் பொங்கி நுரைத்த சோப்பு தில்லிக் குழாய்க்கிணற்று நீரில் ஏமாற்றுவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். கடின நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோப்புடன் கூடித் திரிந்துவிடுகிறது. நுரை வற்றியபின் கத்தி தோலைத்தான் சுரண்டும்.

கதர்க் கடைகளிலும் கைவினைச் சந்தைகளிலும் சிறு உற்பத்தியாளரின் சவரச் சோப்பைக் காணும்போது நறுமணத்தில் மயங்காமல், மேலுறையிலுள்ள பொருட்பட்டியலைப் படித்தல் வேண்டும். ஸ்டியரிக் அமிலம் முன்வரிசையில் இருப்பது நன்று. நுரையை நிலைக்கச் செய்வது அதுவே. தேங்காய் எண்ணெய் விரைவில் நுரை தரும். ஆனால் அந்நுரை நில்லாது, எண்ணெய் மிகுந்தால் தோலும் வறளும். நம்மவர் இதை எளிதில் ஒப்புக்கொள்ளார்! காஸ்டிக் சோடா மட்டும் சேர்ந்த கட்டி இறுகியிருக்கும். காஸ்டிக் பொட்டாஷும் சேர்ந்ததே தூரிகையில் இலகுவாகக் குழையும்.

காரம் மிஞ்சிய சோப்பு முகத்தை எரிக்கும். ஆதலின் உற்பத்தியாளரின் முகவரியும் உரிம எண்ணும் இல்லாததை நாம் தவிர்ப்போம். புதியதை முதலில் முழங்கையின் உட்புறத்தில் நுரைத்து, ஒரு நாள் பொறுத்துப் பார்ப்போம்.

நீரைக் கொதிக்கவைத்து, ஆறித் தெளிந்தபின் மேல்நீரை எடுத்துக் குழைத்தால் கடினத்தில் ஒரு பகுதி நீங்கும். அதே சோப்பு அப்போது கூடுதலாக நுரைக்கும்.