தாளிக்கும் முன்னே ஒரு பங்கு

புதுச்சேரியில் பல வீடுகளில் மீன் குழம்புக்குக் கடைசி வேலை வடகம் தாளிப்பது. சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம் எல்லாம் இடித்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்து நாள்கணக்கில் வெயிலில் காயவைத்தது. அது எண்ணெயில் பொரியும்போது தெருவே மணக்கும்; திண்ணையில் படுத்திருக்கும் நாயும் எழுந்து வந்து வாசற்படியில் நிற்கும். எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும் மீந்த சோற்றில் அதே குழம்பை ஊற்றிப் பிசைந்து அதற்கும் வைப்போம். நாய்ச் சாப்பாட்டைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் பேசுவது இந்தத் தட்டைப் பற்றித்தான்.

வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் உள்ளே போனால் பாதிப்பு தெரியும் என்பது கால்நடை மருத்துவர்களின் கணக்கு. 10 கிலோ நாய்க்கு 150 கிராம். ஒரு வேளைக் குழம்பில் அவ்வளவு சேராதுதான். ஆனால் நாம் ஒரு வேளை மட்டும் வைப்பதில்லையே! வேகவைத்தாலும், காயவைத்தாலும், பொடியாக்கினாலும் அதன் வீரியம் போகாது. நீர் வற்றிய வடகத்தில் எடைக்கு எடை அது கூடுதலாகவே இருக்கும். சாப்பிட்ட அன்றே எதுவும் தெரியாது. சில நாள் கழித்து நாய் சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். அதற்குள் குழம்புச் சோறு யாருக்கும் ஞாபகத்தில் இருக்காது.

அடுத்தது புளி. திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது முன்பே தெரியும். எதனால் என்பது வெகுகாலம் பிடிபடவில்லை. 2022-ல் அமெரிக்காவின் விலங்கு நச்சு ஆலோசனை மைய மருத்துவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டார்டாரிக் அமிலம் கலந்த சமையல் பொடியைத் தின்ற நாய்களுக்கும், புளியைத் தின்ற நாய்களுக்கும், திராட்சை தின்றவற்றைப் போலவே சிறுநீரகம் பழுதானதை அதில் பதிவுசெய்தார்கள். திராட்சையிலும் அந்த அமிலம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. ஒரு கரண்டி ரசத்தில் உடனே உயிர் போய்விடாது. ஆனாலும் எந்த நாய்க்கு எவ்வளவு தாங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதபோது, தினமும் புளிக்குழம்பு ஊற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கிறிஸ்துமஸ் சமயத்தில் இந்த ஊரில் செய்யும் விவிக்கம் கேக்கிலும் ரம்மிலோ கொன்யாக்கிலோ ஊறிய உலர்திராட்சை இருக்கிறது. அதை ஒரு விள்ளல்கூடக் கொடுக்காதீர்கள். சாக்லேட் கூடாது என்பது பலருக்கும் தெரியும். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் சேரும் சைலிட்டால் அதைவிட மோசம். அரை மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரையைத் தரைக்கு இறக்கிவிடும்.

இதற்காகத் தனிச் சமையல் வேண்டாம். மீனோ கோழியோ வெந்ததும், உப்பு, புளி, வெங்காயம் எதுவும் சேரும் முன்னே நாயின் பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். முள்ளும் எலும்பும் நீக்கியாக வேண்டும்; வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். பெரிய மார்க்கெட்டில் வாங்கும் மத்தியும் நெத்திலியும் நல்ல உணவுதான், வேகவைத்தால். பச்சையாகக் கொடுத்தால் அவற்றில் உள்ள ஒரு நொதி தயமின் என்கிற பி1 வைட்டமினைச் சிதைத்துவிடும். கருவாடு வேண்டாம், உப்பு.

நாய்க்குச் சோறே ஆகாது என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். 2013-ல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்குப் பதில் தந்துவிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்கவைக்கும் மரபணு ஓநாயிடம் 2 பிரதிதான். நாய்களிடம் 4 முதல் 30 வரை இருந்தன. மனிதனோடு வாழ்ந்து வாழ்ந்து தானியம் தின்னப் பழகிய உயிர் அது. தானியமே இல்லாதது என்று கூடுதல் விலைக்கு விற்கும் தீவனங்களுக்கும் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-ல் விசாரணையே தொடங்கியது. முடிவாக எதுவும் நிரூபணம் ஆகவில்லை. தானியம் இல்லை என்பதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

சோறும் கோழியும் மட்டும் போதும் என்பதும் தவறு. 100 கிராம் கோழிக்கறியில் பாஸ்பரஸ் சுமார் 200 மில்லிகிராம். கால்சியம் 15-ஐத் தாண்டினாலே அதிகம். நாய்க்கு வேண்டியது பாஸ்பரஸைவிடச் சற்றுக் கூடுதலான கால்சியம். கிடைக்காதபோது உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உறிஞ்சிக்கொள்ளும். கால் வளைந்து, நடக்கவே வலித்து முனகும் குட்டிகள் இப்படித்தான் உருவாகின்றன. வளர்ந்த 10 கிலோ நாய்க்கு நாளொன்றுக்குத் தோராயமாக 600 கலோரி வேண்டும். 200 கிராம் சோறு, 120 கிராம் எலும்பில்லாத கோழி, ஒரு முட்டை, கொஞ்சம் பூசணி அல்லது கேரட், ஒரு தேக்கரண்டி எண்ணெய். இவ்வளவில் அது வந்துவிடும். கூடவே காயவைத்து மாவாக அரைத்த முட்டை ஓட்டுத் தூள் அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக. துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி இவற்றுக்கு மருத்துவரைக் கேட்டுச் சத்துப்பொடி சேர்க்க வேண்டும். குட்டிகளுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அதிலும் லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியம் கூடினாலும் எலும்பு கெடும்; அவற்றுக்குக் குட்டிகளுக்கான நல்ல பாக்கெட் உணவே பத்திரம்.

பாக்கெட் உணவிலும் நம் கடற்கரை ஈரக்காற்றை மறக்கக்கூடாது. மூட்டையைப் பிரித்து, லூஸில் கிலோக் கணக்கில் விற்கும் தீவனத்தை வாங்காதீர்கள். தயாரித்த தேதி தெரியாது. பூசணம் பிடித்தால் அஃப்ளாடாக்சின் சேரும், அது கல்லீரலைத் தின்றுவிடும். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் அந்த நஞ்சு கலந்த தீவனத்தால் எத்தனையோ நாய்கள் செத்த பிறகுதான் அந்தச் சரக்கைத் திரும்பப் பெற்றார்கள். சிறிய பாக்கெட்டாக வாங்கி, அதே பையோடு மூடியுள்ள டப்பாவில் வைத்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

டீக்கடைப் பொறையும் மேரி பிஸ்கட்டும் பிரியத்தில் கொடுப்பவை. ஒரு மேரி பிஸ்கட் 20 கலோரிக்கு மேல். வீட்டில் ஆளுக்கு இரண்டாக ஐந்து பேர் கொடுத்தால் அந்த 10 கிலோ நாயின் ஒரு நாள் சாப்பாட்டில் மூன்றில் ஒரு பங்கு வெறும் மைதாவாகவும் சர்க்கரையாகவும் போய்விடும். 2002-ல் வெளியான ஓர் ஆய்வில் 48 லாப்ரடார்களை ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். கால் பங்கு குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுவலியும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. விலா எலும்பு கைக்குத் தட்டுப்படுகிறதா என்று வாரம் ஒருமுறை தடவிப் பாருங்கள். தட்டுப்படவில்லையென்றால் பிஸ்கட்டை முதலில் நிறுத்துங்கள்.

ஆகாததைத் தின்றுவிட்டது தெரிந்தால், வாந்தி எடுக்கட்டும் என்று உப்புத் தண்ணீர் புகட்டாதீர்கள். அந்த உப்பே மூளையைப் பாதிக்கும். குரும்பாப்பேட்டையில் அரசின் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கோ, பக்கத்தில் உள்ள மருத்துவரிடமோ அறிகுறிக்குக் காத்திருக்காமல் உடனே கொண்டுபோங்கள். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, நாயின் எடை என்ன என்பதைத்தான் முதலில் கேட்பார்கள். கிழிந்த பாக்கெட் உறை இருந்தால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள்.