வீடு தேடிய வைத்தியம்

முந்தைய அத்தியாயங்களில் காலராவையும் யானைக்கால் நோயையும் பற்றி எழுதினேன். அவை காவிரிப் பாசனத்தின் தண்ணீரை ஒட்டி வந்தவை. இந்த வாரம் எழுதப்போவது காற்றை ஒட்டி வரும் துன்பம். அதற்கு எங்கள் திருப்பனந்தாளிலிருந்து சோழபுரம் வழியாகச் சுமார் பத்து மைல் கடந்து கும்பகோணத்துக்குப் போக வேண்டும். சீமையிலிருந்து உடல் மெலிந்து திரும்பிய கணித மேதை ராமானுஜன், 1919ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அங்கேதான் படுத்திருந்தார். அடுத்த ஜனவரியில் சென்னைக்குக் கொண்டு போனார்கள். ஏப்ரல் 26ஆம் தேதி, முப்பத்திரண்டாவது வயதில், சேத்துப்பட்டில் காலமானார். அவரைப் பீடித்தது காசநோய் எனப்படும் க்ஷயரோகம் என்றே அன்றைய வைத்தியர்கள் பலரும் கருதினார்கள். அது ஈரலைப் பற்றிய அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று டி. ஏ. பி. யங் என்பவர் 1994இல் வாதித்தார்.

இங்கிலாந்தில் ராமானுஜனுக்குச் சிகிச்சை செய்தவர்களில் ஒருவர் நம்மவர். டாக்டர் டேவிட் சவுரிமுத்து என்ற அவர், 1914இல் ராமானுஜன் பயணம் செய்த ‘நெவாசா’ கப்பலிலேயே உடன் சென்றவர். மெண்டிப் குன்றுகளில் க்ஷயரோக விடுதி நடத்தியவர். சுத்தமான காற்று, ஓய்வு, போஷாக்கு ஆகிய மூன்றுமே அந்நோய்க்கு மருந்தென்று நம்பிய அவர், தாயகம் திரும்பி 1928இல் தாம்பரத்தில் ஸ்தாபித்த ஆரோக்கிய விடுதியை 1937இல் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையத்தின் பெயரில் அவருடைய உழைப்பு இன்றும் நிற்கிறது. அப்பெரியவரிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அன்றாடக் கூலிக்கு நாற்று நட்டுப் பிழைக்கும் ஒருத்தி, பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டு மாதக்கணக்கில் ஒரு விடுதிக் கட்டிலில் போய்ப் படுப்பாள்?

இந்தக் கேள்விக்கு விடை கண்டதும் சென்னைதான். 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசாங்கமும், உலக சுகாதார ஸ்தாபனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து ஒரு நிலையத்தைத் தொடங்கின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், நகரின் ஏழை நோயாளிகளில் ஒரு பாதியை விடுதியில் சேர்த்தும், மறு பாதியை அவர்களுடைய நெருக்கடியான குடித்தனங்களிலேயே இருக்கச் செய்தும், இரு சாராருக்கும் ஐசோனியசிட், பாஸ் என்ற அதே மருந்துகளை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்கே போய், மிச்சமிருக்கும் மருந்தை எண்ணினார்கள்; உட்கொண்டதற்குச் சிறுநீரில் அடையாளம் உண்டா என்றும் சோதித்தார்கள். விடுதியில் நல்ல உணவும் ஓய்வும் பெற்றவர்களில் நூற்றுக்கு 92 பேருக்கும், அரைவயிற்றுச் சாப்பாட்டோடு வீட்டில் இருந்தவர்களில் நூற்றுக்கு 86 பேருக்கும் நோய் அடங்கிற்று. வீட்டிலிருந்தவரால் குடும்பத்தாருக்குத் தொற்று அதிகரிக்கவுமில்லை. 1959இல் வெளிவந்த இம்முடிவு உலகெங்கும் க்ஷயரோக சிகிச்சையின் போக்கை மாற்றியது. அந்த நிலையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக, ராமானுஜன் உயிர்நீத்த அதே சேத்துப்பட்டில் இயங்குகிறது. மருந்தைக் கண்டுபிடித்த பெருமைக்குச் சற்றும் குறையாதது, அது வாய்க்குள் போயிற்றா என்று வாசற்படியேறிப் போய்ப் பார்த்த அந்த ஊழியர்களின் பெருமை என்பது என் அபிப்பிராயம்.

இன்று எங்கள் பக்கத்து வைத்தியரிடம் மூச்சிரைக்க வந்து உட்காருகிறவர்கள் எல்லாரும் காசநோயாளிகள் அல்ல. பீடி பிடித்தே நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட ஆண்கள் ஒருபுறம். வாழ்நாளில் பீடியைத் தொட்டறியாத வயோதிகப் பெண்கள் மறுபுறம். விறகும் வறட்டியும் எரிந்த, ஜன்னலில்லாத அடுக்களையில் இப்பெண்கள் சுவாசித்த புகை, நுரையீரலின் நுண்குழாய்களைச் சுருக்கிக் காற்றறைகளையும் சிதைத்துவிடுகிறது. களத்துத் தூசியும் நெல் ஆலைத் தூசியும் அதற்குத் துணை. சிதைந்த காற்றறை மறுபடி உண்டாவதில்லை. ஆகவே வைத்தியர் இங்கே செய்யக்கூடியது, இருக்கும் மூச்சைக் காப்பாற்றிக் கொடுப்பது.

அதற்கு வேண்டியது பொறுமை. “பஃப் பழகிட்டா விடமுடியாதாமே, தம்பி?” என்று அஞ்சும் அம்மாளுக்கு, இன்ஹேலரின் மருந்து இரத்தத்தில் அதிகம் சேராமல் நேரே நுரையீரலுக்குப் போவதால் மாத்திரையைவிட மிகச் சிறிய அளவே போதும் என்று விளக்க வேண்டும். “மூச்சை முழுக்க வெளிய விடுங்கம்மா, இப்ப அழுத்திக்கிட்டே மெதுவா இழுங்க, பத்து எண்ணுற வரைக்கும் அடக்குங்க” என்று பலமுறை செய்யச்சொல்லிப் பார்க்க வேண்டும், விரலும் மூச்சும் ஒத்துவராவிட்டால் ஸ்பேசர் என்ற குடுவையைப் பொருத்தித் தரவேண்டும். உதட்டைக் குவித்து மெல்ல ஊதி மூச்சுவிடும் பயிற்சி மட்டும், ஊதுகுழலால் அடுப்பூதிப் பழகிய அவர்களுக்கு உடனே வந்துவிடுகிறது. நூறு பேர் வரிசையில் நிற்கும் காலை வேளையில் இத்தனைக்கும் எந்த வைத்தியருக்கு அவகாசம் இருக்கும்?

2021 ஆகஸ்டு முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து வீட்டுக்கே வருகிறது. அதைக் கொண்டுவரும் ஊழியர், இளைப்பு நோயாளி இருக்கும் வீட்டில் இன்னும் கால் மணி நேரம் உட்கார்ந்து, இன்ஹேலரைச் சரியாக இழுக்கிறார்களா என்று பார்க்கவேண்டும். எரிவாயு உருளை தீர்ந்த நாட்களில் அடுப்பில் எதை எரிக்கிறார்கள் என்றும் கேட்டு வைத்தியருக்குச் சொல்லவேண்டும். திருப்பனந்தாளைச் சுற்றியுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஒவ்வொன்றிலும், ஊதிப் பார்த்து மூச்சின் அளவறியும் ஸ்பைரோமீட்டர் ஒன்றும், அதை இயக்கத் தெரிந்தவர் ஒருவரும் இருக்கும்படி செய்யவேண்டும்.