சொல்லிசையும் பழம்பாட்டும்

“இக்காலச் சொல்லிசையிலுள்ள புதுமை பழைய பாட்டுகளில் உண்டோ, ஐயா?” என உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் என்னை வினவினான். திரைப்படத்தையும் பெரிய இசை நிறுவனங்களையும் சாராது, இளைஞர் தாமே இயற்றிப் பதிவுசெய்து பரப்பும் ‘றப்’ பாட்டையே அவன் கருதினான். தமிழ் மன்ற மேடையில் அதனைப் பாட இசைவும் வேண்டினான். ஆதலின் விடை கூறுமுன் யானும் சிறிது ஆராய நேர்ந்தது.

விரைந்து வரும் சொல்லடுக்கே இதன் புதுமை என்பர் மாணவர். பதினைந்தாம் நூற்றாண்டினரான அருணகிரிநாதர், குறில் நெடிலும் வல்லினம் மெல்லினமும் பிறழாது சந்தக் குழிப்புக்கு இயையச் சொற்களை அமைத்தார். அவர் அருளிய திருப்புகழில் 1,300க்கு மேற்பட்ட பாடல்கள் இன்றும் உள. முருகன் சந்நிதியில் அவற்றைக் கேட்டு வளர்ந்த நம்மவர்க்கு அவ்வேகத்தை யான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

சமூகத்தை இடித்துரைத்தலும் பழையதே. 1910இல் மகாஜனக் கல்லூரியை நிறுவிய நம்மூர்ப் பாவலர் துரையப்பாபிள்ளை, நம்மவர் குறைகளை எடுத்துரைக்கப் பெண்கள் கைகொட்டிப் பாடும் கும்மியைக் கையாண்டார்.

எனினும், யாப்பில் ஒரு புதுமை உண்டு. நம் செய்யுள் பெரிதும் அடியின் முதலில் எதுகை மோனைகளால் ஓசை கூட்டும்; சொல்லிசையோ அடியின் இறுதியில் இயைபால் கூட்டும். இயைபு தொல்காப்பியம் கூறிய தொடையே. சிந்திலும் அது பயின்று வரும். ஆயினும் பாட்டின் சுமை முழுவதையும் அதன்மேல் ஏற்றியவர் இவ்விளைஞரே. மலேசியாவின் யோகி பி, நட்சத்திரா குழுவினர் 2006இல் வெளியிட்ட ‘வல்லவன்’ தொகுப்பை இதற்குச் சான்றாகக் கேட்கலாம். அதிற் புகழ்பெற்ற பாட்டொன்று 1980இல் வந்த ‘நிழல்கள்’ படத்தில் இளையராஜா இசையமைத்த பாடலின்மேல் எழுப்பப்பட்டது என்பதையும் மறத்தலாகாது.

யான் பெரிதும் மதிக்கும் புதுமை வேறு. 2018 சனவரியில் சென்னையில் ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவினர் கானாவையும் பறையையும் றப்பையும் ஒரே மேடையில் ஏற்றிச் சாதியைப் பாடினர். (அம்முயற்சிக்குத் திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் துணை இருந்தது.) பாவலர் பிறர்க்காகப் பேசினார்; இவர்கள் தமக்காகத் தாமே பேசினர். நம்மூரிற் பறை செத்தவீட்டு முற்றத்தைக் கடந்து மண்டபத்துள் நுழைந்ததை யான் கண்டதில்லை.

அமெரிக்க இளைஞரின் உச்சரிப்பையும் கையசைவையும் கடன்கொள்வதை மட்டும் புதுமையென ஏற்க என் மனம் ஒருப்படவில்லை. ஆகவே, தான் கண்டதையே பாடவேண்டும் என்னும் நிபந்தனையோடு அம்மாணவனுக்கு இசைவளித்தேன். அவன் எழுதிவந்த முதற்படியில் நியூயோர்க் இருந்தது. இரண்டாம் படியில், 1990இல் இடம்பெயர்ந்த அவன் அப்பாச்சி மீண்டு வந்து கண்ட தூர்ந்த கிணறு இருந்தது. எழுத்துப்பிழைகளைத் திருத்தி மேடைக்கு அனுப்பினேன்.