சித்திலெவ்வையின் பகிரங்கக் கடிதங்கள்

ஓர் அறிஞருடைய கடிதங்கள் என்றவுடன், நாடாவால் கட்டிப் பெட்டியில் வைத்த பழுப்பேறிய தாள்களே நம் மனக்கண்முன் தோன்றும். கண்டி தந்த பேரறிஞர் முகம்மது காசிம் சித்திலெவ்வை (1838-1898) தம் சமூகத்துக்கு எழுதியவையோ ஊரறிய அச்சேறியவை. 1882ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் தொடங்கிய ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையையே ஈண்டுக் கடிதக் கட்டு என்கிறோம். பத்திரிகையைக் கடிதமென்பது மிகையன்றோ என அன்பர்கள் வினவலாம். எழுதுபவர் இன்னார் எனத் தெரியும், யாருக்கென்பதும் தெரியும், மறுமொழியும் எதிர்பார்க்கப்படுகிறது. கடிதத்துக்கு வேறென்ன இலக்கணம் வேண்டும்?

அவர் சட்டம் பயின்றவர். புரொக்டராகத் தொழில் பார்த்தவர். வழக்குமன்றத்தோடு அமைந்திருந்தால் செல்வராக வாழ்ந்து மறைந்திருப்பார். ஆனால் அவர் கண்முன் நின்றது வேறொரு வழக்கு. ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளையின் மார்க்கம் போய்விடுமென முஸ்லிம் பெற்றோர் அஞ்சிய காலம் அது. அவ்வச்சத்தை வெறும் அறியாமை என்று ஒதுக்குவது எளிது, நியாயமாகாது. அக்காலத்து ஆங்கிலப் பாடசாலைகள் பல கிறிஸ்தவ மிஷனரிமாரின் கையில் இருந்தன. மார்க்கத்தையும் விடாமல், உலகக் கல்வியையும் இழக்காமல் பிள்ளைகள் படிக்க நமக்கென்றே பாடசாலைகள் வேண்டும் என்பதே சித்திலெவ்வையின் வாதம்.

நேசன் பிறந்த மறுமாதமே, 1883 ஜனவரியில், எகிப்தின் அறபி பாஷா நாடுகடத்தப்பட்டுக் கொழும்பு வந்திறங்கினார். ஆங்கிலேயரால் தோற்கடிக்கப்பட்ட அத்தலைவரே ஆங்கிலக் கல்வியின் தேவைக்குச் சான்றாக நின்றது காலத்தின் விந்தை. அவரும் வாப்பிச்சி மரைக்காரும் துணைநிற்க, 1892இல் மருதானையில் எழுந்த பாடசாலையே பின்னாளைய சாஹிறாக் கல்லூரி. பெண்கல்வியிலோ அவர் பேச்சோடு நிற்கவில்லை. கண்டியில் சிறுமியருக்கெனப் பாடசாலை தொடங்கித் தம் சகோதரியையே கற்பிக்கச் செய்தார். அறிவுரையைத் தம் வீட்டிலிருந்து தொடங்குவோர் எந்தக் காலத்திலும் அரியர்.

1885இல் ‘அசன்பேயுடைய கதை’ என்ற நாவலைத் தந்த அவருடைய தத்துவ நூலாகிய ‘அஸ்றாறுல் ஆலம்’ 1897இலேதான் வந்தது. மறு ஆண்டில் அவர் மறைந்தார். மெய்ஞ்ஞானம் பேசும் ஆற்றல் படைத்தவர், பள்ளிக்கூடம் பற்றிய வாதத்தை முதலில் வைத்து, அண்டத்தின் இரகசியத்தைப் பின்னுக்குத் தள்ளினார். அவருடைய தத்துவத்தின் முதல் அத்தியாயமும் அதுவே என்பது நம் கருத்து.

இனி நம் கரைக்கு வருவோம். மட்டக்களப்புக்குப் புகைவண்டி வந்ததே 1928இல். அதற்குந் தெற்கே கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர் வயல்களுக்கு மலைநாட்டுச் செய்தி மெல்லத்தான் வந்து சேர வேண்டும். யுத்த காலத்தில், 1942ஆம் ஆண்டு, உணவு உற்பத்தியைக் கவனிக்கக் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தார் ஏ. எம். ஏ. அஸீஸ். நெல்லை விளைவிக்க வந்தவர் அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தையும் தோற்றுவித்தார். மருதானைப் பாடசாலைக்கு அப்போது வயது 50. ஆறாண்டுகள் கழித்து, 1948இல், அதே சாஹிறாவின் அதிபரானார் அஸீஸ். கண்டியில் எழுதிய கடிதத்துக்குக் கல்முனையிலிருந்து மறுமொழி சென்றதென்றே நாம் இதைக் கொள்ளலாம்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபோது, மருதமுனை முதல் சாய்ந்தமருது வரை உயிர்களோடும் வீடுகளோடும் அலுமாரிகளில் இருந்த தாள்களும் போயின. உள்ளூர்களில் எஞ்சிய பெட்டிகளையேனும் மாணவர்கள் இவ்விடுமுறையிலேயே திறந்து பார்க்கலாம். மூத்தவாப்பாவின் மௌலிதுக் கிதாபுக்கும் காணி உறுதிக்கும் இடையில் மடித்து வைத்த பழைய தமிழ்த் தாளொன்று அகப்படுமாயின், கறையான் முந்திக்கொள்ளுமுன் அதைப் படம்பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆசிரியரிடம் காட்டுங்கள்.