தெரிவாட்டமும் நடுவுநிலைமையும்

விளையாட்டை உடல்வலிக்கும் கல்வியை அறிவுக் கூர்மைக்கும் உரியனவாகப் பிரித்து நோக்கும் வழக்கம் பெற்றோரிடத்தும் ஆசிரியரிடத்தும் நெடுங்காலமாக நிலவிவருகின்றது. அப்பிரிவு பொருந்தாது என்பதற்குக் கிளித்தட்டு ஒன்றே போதிய சான்றாகும். நீள்சதுரமாக வரைந்த தளத்தைக் குறுக்குக் கோடுகளும் நடுவே ஒரு நெடுங்கோடும் பல கட்டங்களாகப் பிரிக்கின்றன. மறிப்போர் தத்தம் குறுக்குக் கோட்டின்மீதே நிற்றல் வேண்டும். கிளி எனப்படுவோன் நடுக்கோட்டில் ஓடி மறிப்பான். புகுவோர் இருவர் ஒரு கோட்டின் முன்னே இருபுறமும் நின்றனராயின், அக்கோட்டுக் காவலன் இருவரையும் ஒருங்கே மறித்தல் அரிது. அவன் வலப்புறம் சாய்ந்தால் இடப்புறத்தவன் புகுவான். இடப்புறம் சாய்ந்தால் வலப்புறத்தவன் புகுவான். இங்கு வெல்வது காலின் விரைவு மட்டுமன்று. காவலன் சாயும் கணம்வரை தன் முடிவை வெளிக்காட்டாது பொறுத்திருக்கும் மனவடக்கமும் ஆகும்.

இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்ட தாக்குமுறை ஒன்று, பந்தைக் கையிலேந்தி ஓடும் உதைபந்தாட்ட வகைகளிலும் உண்டு. அமெரிக்கர் அதனை ஒப்ஷன் என வழங்குவர். பலவற்றுள் ஒன்றைத் தெரிதலே அதன் உயிராதலின், அதனைத் தெரிவாட்டம் எனல் தகும். அதனை ஆடுவோனுக்கு வேண்டிய திறன் எத்தகையது, அதனை மேற்பார்க்கும் மத்தியஸ்தருக்கு நேரும் இடர்ப்பாடு யாது என்னும் இரண்டையும் ஒருங்கே ஆராய்ந்தாலன்றி அதன் இயல்பு விளங்காது.

மாத்தளை மாவட்டத்துப் பாடசாலைகள் அறிந்தது அமெரிக்க உதைபந்தாட்டமன்று. அதன் உடன்பிறப்பாகிய றகர் ஆட்டமே. மாத்தளைக்குத் தெற்கே ஏறத்தாழ 26 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கண்டி நகரமே இலங்கைப் பாடசாலை றகரின் தொட்டில் எனலாம். 1906ஆம் ஆண்டு அங்கே கிங்ஸ்வூட் கல்லூரியும் திரினிற்றிக் கல்லூரியும் பொருதிய ஆட்டமே இந்நாட்டுப் பாடசாலைகளிடையே நிகழ்ந்த முதலாவது றகர் ஆட்டம் என்பர். பின்னர் மலைநாட்டின் ஏனைய கல்லூரிகளும் இவ்வாட்டத்தை மேற்கொண்டன, மாத்தளை சென். தோமஸ் கல்லூரியும் அவற்றுள் ஒன்றாகும்.

அதே 1906ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இவ்விரு ஆட்டங்களின் வழிகள் மேலும் விலகின. அமெரிக்க உதைபந்தாட்டம் றகரின் வயிற்றில் பிறந்தது. 1880ஆம் ஆண்டு யேல் பல்கலைக்கழகத்து வோல்ற்றர் காம்ப் என்பாரின் முயற்சியால், பந்துக்காக இரு சாராரும் முட்டிமோதும் முறை நீங்கி, ஒரு சாரார் பந்தை உரிமையோடு வைத்துத் தொடங்கும் முறை வந்தது. 1905ஆம் ஆண்டில் ஆட்டக்காரர் பலர் காயமுற்று உயிர்துறந்தமையால் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ற்றே தலையிட நேர்ந்தது. அதனைத் தொடர்ந்து செய்யப்பட்ட சீர்திருத்தங்களுள், பந்தை முன்னோக்கி எறியலாம் என்ற 1906ஆம் ஆண்டு விதி தலையாயது. எனினும், பந்தைப் பின்னோக்கி எறியும் பழைய உரிமை ஒழிந்துவிடவில்லை. அவ்வுரிமையின்மேல் எழுந்ததே தெரிவாட்டம். ஆதலின், அமெரிக்க உதைபந்தாட்டத்துள் றகரின் சாயலை மிகுதியாகக் கொண்டது இம்முறையே எனலாம்.

இதனை ஒழுங்குபட வகுத்தவர் மிசூரிப் பல்கலைக்கழகத்துப் பயிற்றுநர் டொன் ஃபரொட் ஆவார். கூடைப்பந்தாட்டத்தில் தனித்து நிற்கும் ஒரு காவலனை நோக்கி இருவர் விரைந்து வரும் காட்சியிலிருந்து பெற்ற கருத்தை அவர் 1941ஆம் ஆண்டு உதைபந்தாட்டத்திற் புகுத்தினார். போர்க்காலத்தில் கடற்படையின் பயிற்சிப்பள்ளி ஒன்றில் அவருக்குத் துணைவராயிருந்து அம்முறையைக் கற்ற பட் வில்கின்சன் பின்னர் ஒக்லஹோமாப் பல்கலைக்கழகத்தின் பயிற்றுநரானார். அவ்வணி 1953ஆம் ஆண்டு முதல் 1957ஆம் ஆண்டுவரை தொடர்ந்து 47 ஆட்டங்களில் வென்றது. இரு தெரிவுகள் மூன்றாக விரிந்தபின், 1968ஆம் ஆண்டு எமொரி பெலார்ட் வகுத்த அணிநிலையைக் கைக்கொண்ட ரெக்சாஸ் பல்கலைக்கழக அணி, 1970ஆம் ஆண்டுவரை தொடர்ச்சியாக 30 வெற்றிகளை ஈட்டிற்று.

இம்முறையின் வலிமை ஓர் எளிய கணக்கில் அடங்கியுள்ளது. இருபுறமும் பதினொருவர். பந்தேந்துவோனை நீக்கின், மறிப்போர் பதினொருவரையும் தடுக்கத் தாக்கும் அணியில் பதின்மரே எஞ்சுவர். தெரிவாட்டத்திலோ மறிப்போருள் ஒருவனை வேண்டுமென்றே எவரும் தடுக்காது விடுவர். குவாட்டர்பாக் எனப்படும் தாக்குதல் தலைவன் பந்துடன் அவனை நோக்கி ஓடுவான். சற்றுப் பக்கத்தே பின்தங்கி ஒரு துணைவன் ஓடுவான். தடுக்கப்படாதவன் தலைவன்மேற் பாய்ந்தால் பந்து துணைவனுக்குச் செல்லும்; துணைவனை நாடிச் சென்றால் தலைவனே பந்துடன் முன்னேறுவான். மூன்று தெரிவுள்ள முறையில் இதற்கு முன்னரே வேறொருவனின் வயிற்றருகே பந்தை வைத்து, கொடுப்பதா மீட்பதா என எதிரியின் அசைவு கண்டு முடிவு செய்வர். இவ்வாறு ஒருவனை உடலால் தடுக்காது கருத்தால் தடுப்பதனால் தாக்கும் அணிக்கு ஓர் ஆள் மிச்சமாகின்றான். பருவுடலர் குறைந்த அணிகள் இம்முறையை விரும்புவதற்கு இதுவே காரணம். அமெரிக்கப் படைத்துறைக் கல்லூரிகளின் அணிகள் இதனை நெடுங்காலம் பேணிவந்தமையும் இதுபற்றியே.

றகர் ஆட்டத்தில் இதே தத்துவம் இருவர் ஒருவரை எதிர்கொள்ளும் வேளையில் வெளிப்படும். பந்தேந்துவோன் அதனை இரு கைகளாலும் பற்றி, மறிப்போனை நேரே நோக்கி ஓடுதல் வேண்டும். இரு கைகளில் உள்ள பந்து எப்புறமும் செல்லக்கூடுமாதலின் மறிப்போன் ஐயுறுவான். முன்கூட்டியே எறிந்தால் அவன் துணைவன்பால் திரும்பிவிடுவான். காலந்தாழ்த்தினால் பந்தேந்தியவன் பந்தோடு வீழ்வான். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள ஒரு கணமே ஆட்டம். துணைவனும் முந்திக்கொள்ளாது பின்னே ஆழ நின்று, பந்து வரும் வேளையில் விரைவைக் கூட்டல் வேண்டும்.

இனி மத்தியஸ்தரின் நிலையை நோக்குதல் தகும். எதிரியை மயக்குதற்கென வகுத்த ஆட்டம் அவரையும் மயக்கும். பந்து தன்னிடம் உள்ளதெனக் காட்டி ஓடும் ஒருவனைப் பலர் வீழ்த்தியவுடன், ஆட்டம் நின்றதெனக் கருதி ஊதலை ஊதிவிட்டால், உண்மையாகவே பந்துடன் ஓடிக்கொண்டிருக்கும் வேறொருவனின் உழைப்பு அக்கணமே வீணாகும். ஊதியபின் அதனைத் திரும்பப் பெற முடியாது. இதுபற்றியே அமெரிக்கப் பாடசாலை மத்தியஸ்தர்களுக்குப் பந்தைக் கண்ணாற் காணும்வரை ஊதலாகாது எனப் போதிப்பர். ஒருவர் தலைவனைப் பின்னின்று நோக்க, ஓரக்கோட்டில் நிற்பவர் துணைவனுக்குச் செல்லும் எறிதலைக் கவனிப்பார். பின்னோக்கி எறிந்த பந்து தரையில் வீழ்ந்தாலும் ஆட்டத்துக்கு உரியது. முன்னோக்கி எறிந்தது எவராலும் பிடிக்கப்படாது வீழ்ந்தால் ஆட்டம் முடிந்தது. ஆதலின் அந்த ஓரக்கோட்டாளரின் தீர்ப்பே பந்து எவருக்கென்பதை முடிவு செய்கின்றது.

ஈண்டு இரு ஆட்டங்களுக்கும் இடையே கருதத்தக்க வேறுபாடொன்று உண்டு. பந்தேந்துவோனைப் போல நடிப்பவனை வீழ்த்துதல் அமெரிக்க ஆட்டத்திற் குற்றமன்று. றகரிலோ பந்தில்லாதவனை வீழ்த்துதல் தண்டனைக்குரிய குற்றமாகும். அவ்வாறே, பந்தில்லாமல் முன்னே ஓடி மறிப்போனின் வழியை அடைப்பதும் றகரில் குற்றமாகும்.

றகர் மத்தியஸ்தர்மீது மிகுதியான கூச்சல் எழுவது, பந்து முன்னோக்கி எறியப்பட்டதா என்னும் வினாவிலேதான். செக்கனுக்கு 7 மீற்றர் விரைவில் ஓடும் மாணவன் ஒருவன், பந்தைத் தன் கையிலிருந்து செக்கனுக்கு 2 மீற்றர் விரைவிற் பின்னோக்கி எறிகின்றான் எனக் கொள்க. அவனது ஓட்டத்தின் விரைவு பந்துக்கும் உரியதாகலின், நிலத்தை நோக்க அப்பந்து செக்கனுக்கு 5 மீற்றர் விரைவில் முன்னேயே செல்லும். அரைச் செக்கனில் பந்து 2.5 மீற்றர் முன்னேறும். தடையின்றி ஓடுபவனோ 3.5 மீற்றர் முன்னேறுவான். பந்து அவனுக்கு ஒரு மீற்றர் பின்னேயே உள்ளதால் எவரும் ஐயுறார். ஆனால் தெரிவாட்டத்தில் எறிந்த கணத்திலேயே அவனை மறிப்போன் வீழ்த்துகின்றான். அவன் நின்றுவிடுகின்றான், பந்து மட்டும் 2.5 மீற்றர் முன்னே செல்கின்றது. எறிதல் ஒன்றே, காட்சி வேறு. பார்வையாளர் குற்றமென ஆர்ப்பரிப்பர். விதியோ எறிந்தவனின் கைகள் சென்ற திசையையே நோக்குமாறு பணிக்கின்றது. எனவே மத்தியஸ்தர் பந்து சென்றடையும் இடத்தை அன்றி அது புறப்படும் கைகளை நோக்கவல்ல இடத்தில் நிற்றல் வேண்டும்; அதற்குப் பந்தின் வரிசையோடு ஒத்து ஓடும் உடல்நலமும் அவருக்கு வேண்டும்.

இன்னுமொரு கடமை எஞ்சியுள்ளது. பந்து கைமாறியதும் எல்லோர் கண்களும் அதன்பின்னே செல்லும். எறிந்தவனோ தற்காப்பின்றி நிற்பான். காலந்தாழ்ந்து அவன்மேற் பாய்பவனைக் காண ஒருவரேனும் பின்னே பார்வையைத் தங்கவிடல் வேண்டும். பிழையான தீர்ப்பு ஓர் ஆட்டத்தைக் கெடுக்கும். காணாது விட்ட பாய்ச்சல் ஒரு மாணவனின் தோளையோ கழுத்தையோ கெடுக்கக்கூடும்.

திருக்குறளிற் காலமறிதல் ஓர் அதிகாரம். நடுவு நிலைமை மற்றோர் அதிகாரம். முன்னது ஆடுவோனுக்கும் பின்னது மத்தியஸ்தருக்கும் உரியனபோலத் தோன்றும். தெரிவாட்டத்திலோ அவை இருவருக்கும் பொதுவாகின்றன. எதிரி முடிவு செய்யும்வரை ஆடுவோன் பொறுத்திருக்கின்றான். உண்மை வெளிப்படும்வரை மத்தியஸ்தர் பொறுத்திருக்கின்றார். இப்பொறுமையைப் பழக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. மாத்தளையின் சிறிய பாடசாலையொன்றும் தன் முற்றத்தில் சுண்ணாம்பாற் கோடுகள் வரைந்து கிளித்தட்டு ஆடச் செய்யலாம். மாணவர் முறைவைத்து மத்தியஸ்தராகவும் நின்று பழகலாம். காவலன் சாயும் கணத்தைக் கண்டுகொள்ளும் கண்ணும், காணாததைக் கண்டதாகச் சொல்லாத நாவும் அங்கே ஒருங்கே வளரும்.