வாளியை உதைத்த கதை

நம் வகுப்புத் தோழி ஒருத்தி, தன் பழைய ஆசிரியையின் தந்தையார் காலமானதை அறிந்து ஆங்கிலத்தில் ஓர் அனுதாபக் கடிதம் எழுதினாள். சாதாரணச் சொற்கள் போதா என்று நினைத்தாள் போலும். கைடு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ‘கிக் த பக்கெட் – இறந்துபோதல்’ என்றிருந்ததைக் கண்டு, அதையே எழுதிவிட்டாள். தபாலில் போடுமுன் ஆங்கிலம் கற்பிக்கும் சிஸ்டரிடம் காட்டியதால் பிழைத்தோம். சிஸ்டர் சிரிக்கவில்லை. “உன் பாட்டி இறந்தபோது யாராவது வந்து, ‘கிழவி மண்டையைப் போட்டுவிட்டாளாமே’ என்று கேட்டிருந்தால் உனக்கு எப்படி இருந்திருக்கும்?” என்று மட்டும் கேட்டார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கைடு சொன்ன பொருள் தவறன்று. ஆனால் அத்தொடர் கேலியாகப் பேசும்போது வருவது என்பதை அது சொல்லவில்லை. இடியம் எனப்படும் மரபுத்தொடரைக் கற்பதில் நாம் இடறும் இடம் இதுதான். பொருளை மனப்பாடம் செய்கிறோம். யாரிடம், எப்போது சொல்லலாம் என்பதைக் கேட்பதில்லை. துக்கத்திற்கு ‘பாஸ்ட் அவே’ என்பதே பண்பான சொல். தோழியும் அப்படியே மாற்றி எழுதி அனுப்பினாள்.

சொல்லுக்குச் சொல் பொருள் பார்த்தாலும் ஆபத்துத்தான். ‘திருடன் கம்பி நீட்டினான்’ என்றால் நமக்குப் புரிகிறது. தமிழ் அறியாதவர், அவன் கையில் கம்பி எப்படி வந்தது என்றல்லவா கேட்பார்? ஆகவே ஆங்கில வகுப்பில் ஒருத்தி திகைத்து நின்றால் நாம் சிரிப்பது நியாயமன்று. சொற்களை இடம் மாற்றவும் கூடாது. மழை கொட்டும்போது ஆங்கிலேயர் ‘கேட்ஸ் அண்டு டாக்ஸ்’ என்பர். நாயை முன்னே விட்டால் தொடர் கெட்டுவிடும். நாமும் ‘பரக்க அரக்க’ ஓடுவதில்லையே!

நாம் ஏற்கெனவே அறிந்த கதைகளிலிருந்து வந்த தொடர்களும் உண்டு. ‘தி ரைட்டிங் ஆன் த வால்’ என்பது வரப்போகும் கேட்டின் அறிகுறி. பாபிலோனில் பெல்சாட்சர் அரசனின் விருந்தில், ஒரு கை தோன்றிச் சுவரில் எழுதியதைத் தானியேல் நூலின் 5ஆம் அதிகாரத்தில் படித்திருக்கிறோம். மயிரிழையில் தப்புவதை ‘பை த ஸ்கின் ஆஃப் ஒன்ஸ் டீத்’ என்பது யோபு நூலிலிருந்து வந்தது. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியம் இவற்றை வீட்டுப் பேச்சாக்கியது.

எங்களுக்கு மிகவும் பிடித்தது ‘தி ஆப்பிள் ஆஃப் ஒன்ஸ் ஐ’. கண்ணில் ஆப்பிள் ஏது என்று முதலில் விழித்தோம். பழைய ஆங்கிலத்தில் கண்ணின் கருமணிக்கே ஆப்பிள் என்று பெயராம். நாம் ‘கண்ணின் மணி’ என்று கொஞ்சுவதும் அதையேதான். விவிலியத்தில் இவ்விடத்தில் வரும் எபிரேயச் சொல்லுக்கோ ‘கண்ணிலுள்ள சிறு மனிதன்’ என்று பொருள். இலத்தீனில் கருமணிக்குப் பெயர் ‘பூப்பில்லா’. சிறு பெண், பொம்மை என்று பொருள். ஆங்கிலத்தில் கருமணியும் ‘பியூப்பில்’, மாணவியும் ‘பியூப்பில்’. இரண்டும் அந்த இலத்தீன் குடும்பத்துச் சொற்களே. தமிழிலும் ‘பாவை’ என்றால் பொம்மை, பெண், கண்ணின் கருமணி மூன்றும் உண்டு. வள்ளுவரும் கருமணியில் இருக்கும் பாவையோடு பேசுகிறார்.

எல்லாருக்கும் இது எப்படித் தோன்றியது என்று அறிய, பக்கத்தில் அமர்ந்திருக்கும் தோழியின் கண்ணை நெருங்கிப் பாருங்கள். அதற்குள் சின்னஞ்சிறு பெண்ணொருத்தி, உங்கள் முகத்தோடு உங்களையே பார்த்துக்கொண்டிருப்பாள்.