இணையவழிக் கேசினோவும் ஆட்ட நிறுவனங்களும்

இணையவழிக் கேசினோ என்பது பணயம் வைத்துச் சூதாடும் இணையத்தளம் ஆகும். அதில் காணப்படும் ஆட்டங்களில் பெரும்பாலானவற்றைத் தளத்தை நடத்துவோர் உருவாக்குவதில்லை. கேம் ஸ்டுடியோ எனப்படும் ஆட்ட நிறுவனங்களே அவற்றை வடிவமைத்துப் பல தளங்களுக்கு வழங்குகின்றன. ஆட்டக்காரர் எவ்வளவு அடிக்கடி வெல்வார், ஒரு சுற்று எத்தனை நொடி நீடிக்கும், தோல்வி திரையில் எப்படித் தோன்றும் என்பவற்றைத் தீர்மானிப்பதில் இந்நிறுவனங்களுக்கே பெரும்பங்கு உண்டு.

கணக்குத் தொடங்குதல், பணம் பெறுதல், பரிசுப் பணத்தை வழங்குதல், விளம்பரம் ஆகியவை தளத்தின் வேலை. ஆட்டம் பொதுவாக ஆட்ட நிறுவனத்தின் சர்வரில் நடக்கிறது. ஸ்லாட் ஆட்டத்தில் பொத்தானை அழுத்தியதும் ஒரு சமவாய்ப்பு எண் எடுக்கப்பட்டு, முடிவு அந்தக் கணமே உறுதியாகிவிடுகிறது. அதன்பின் திரையில் உருளைகள் சுழல்வதும் ஒவ்வொன்றாக நிற்பதும் ஏற்கெனவே முடிந்துபோன ஒன்றைக் காட்டும் அசைபடமே. கடைசி உருளை மட்டும் சற்றுத் தயங்கி நிற்பதும் அந்த அசைபடத்தின் ஒரு பகுதிதான். ஆட்டக்காரர்கள் இழக்கும் தொகையில் ஒரு பங்கைப் பெறுவதே ஆட்ட நிறுவனத்தின் வழக்கமான வருவாய்முறை. எனவே ஆட்டம் எவ்வளவு நேரம் ஆடப்படுகிறது என்பதில் அதற்கும் நேரடி அக்கறை உண்டு.

கணக்கு

பழைய இயந்திர ஸ்லாட்டில் உருளையின் மேல் எத்தனை சின்னங்கள் இருந்தனவோ, அவையே வாய்ப்பின் அளவைத் தீர்மானித்தன. 22 இடங்கள் கொண்ட மூன்று உருளைகள் என்றால் மொத்தம் 10,648 சேர்க்கைகள். அதைவிட அரிதான பரிசை அமைக்க முடியாது. நார்வேயில் பிறந்த இங்கே டெல்னேஸ் என்பவருக்கு 1984-இல் வழங்கப்பட்ட அமெரிக்கக் காப்புரிமை இந்த எல்லையை உடைத்தது. முடிவைக் கணினியின் சமவாய்ப்பு எண் தேர்ந்தெடுக்கும். கண்ணுக்குத் தெரியும் உருளை அந்த முடிவைக் காட்ட மட்டும் பயன்படும். நினைவகத்தில் உள்ள கற்பனை உருளைக்கு 64 இடங்கள் கொடுத்தால் சேர்க்கைகள் 2,62,144 ஆகிவிடும். வெளியே தெரியும் உருளையோ மாறுவதில்லை. கண் காண்பதும் கணக்கு சொல்வதும் பிரிந்த இடம் இதுவே. இன்றைய இணைய ஸ்லாட்டுகள் அனைத்தும் இந்தப் பிரிவின் மீதே நிற்கின்றன.

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு திரும்பும் விகிதம் உண்டு. வைக்கப்படும் பணயம் முழுவதிலும் நீண்டகாலச் சராசரியில் எத்தனை சதவீதம் பரிசாகத் திரும்புகிறது என்பதே அது. ஒருவர் ஒரு மாலையில் ஆடும் ஆட்டத்தைப் பற்றி இந்த எண் அதிகம் சொல்வதில்லை. நெட்என்ட் நிறுவனத்தின் ஸ்டார்பர்ஸ்ட் ஆட்டத்தின் விகிதம் 96.09 சதவீதம். ஆஸ்திரேலியாவின் பிக் டைம் கேமிங் 2016-இல் வெளியிட்ட பொனான்சாவின் விகிதமும் ஏறத்தாழ 96 சதவீதமே. ஆனால் ஆடிப் பார்ப்பவருக்கு இரண்டும் வேறு உலகங்கள். ஸ்டார்பர்ஸ்டில் 10 பரிசுக் கோடுகள் இரு திசையிலும் கணக்கிடப்படுவதால் சிறு தொகைகள் அடிக்கடி வந்துகொண்டே இருக்கும். கைப்பணம் மெல்லக் கரையும். பொனான்சாவில் ஒவ்வொரு சுழற்சியிலும் சின்னங்களின் எண்ணிக்கை மாறி, அதிகபட்சம் 1,17,649 வழிகள் வரை திறக்கும். நீண்ட வறட்சி, எப்போதாவது ஒரு பெருமழை. மெகாவேஸ் எனப்படும் இந்த அமைப்பைப் பிற நிறுவனங்களும் உரிமம் பெற்றுப் பயன்படுத்துகின்றன.

தளத்தை மாற்றினால் அதிர்ஷ்டம் மாறும் என்று நம்புவோர் உண்டு. அதிர்ஷ்டம் மாறாது, ஆனால் விகிதம் மாறலாம். பல நிறுவனங்கள் ஒரே ஆட்டத்தை வெவ்வேறு திரும்பும் விகிதங்களில் தருகின்றன. எதை வைப்பது என்பதைத் தளம் தேர்ந்துகொள்கிறது. படமும் இசையும் ஒன்றாகவே இருப்பதால் உதவிப் பக்கத்தைத் திறந்து படித்தாலொழிய வேறுபாடு தெரியாது. 96 என்பதும் 94 என்பதும் அருகருகே உள்ள எண்களாகத் தோன்றும். ஆட்டக்காரர் இழக்கும் பங்கோ 4-இலிருந்து 6 ஆகிறது, அதாவது ஒன்றரை மடங்கு.

ஜிஎல்ஐ, ஈகோக்ரா போன்ற சோதனைக்கூடங்கள் சமவாய்ப்பு எண்களையும் அறிவிக்கப்பட்ட விகிதத்தையும் சரிபார்த்துச் சான்று தருகின்றன. கணக்கில் ஏமாற்று இல்லை என்பதற்கே அந்தச் சான்று. ஆட்டம் எப்படிக் காட்டப்படுகிறது என்பது வேறு விஷயம்.

காட்சி

20 கோடுகளில் கோட்டுக்கு ஒரு காசு வைத்து ஆடும் ஒருவருக்கு 6 காசு திரும்புகிறது என்று கொள்வோம். 14 காசு நட்டம். திரையில் விளக்குகள் மின்னுகின்றன, வெற்றி இசை ஒலிக்கிறது. வெற்றி வேடமிட்ட இந்தத் தோல்விகளைக் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் ஆராய்ந்தனர். ஆடுபவரின் தோலில் ஏற்படும் மின்கடத்து மாற்றத்தை அளந்தபோது, உடல் இவற்றை உண்மையான வெற்றியைப் போலவே ஏற்பது தெரிந்தது. மயிரிழையில் தவறியதுபோல் காட்டப்படும் முடிவுகளும் இத்தகையவையே. வெற்றிக்கு எழும் மூளைப் பகுதிகள் இவற்றுக்கும் எழுகின்றன என்று கேம்பிரிட்ஜைச் சேர்ந்த லூக் கிளார்க்கும் குழுவினரும் 2009-இல் காட்டினர்.

வேகம் இன்னொரு கருவி. 96 சதவீத விகிதமுள்ள ஆட்டத்தில் சுழற்சிக்கு 1 யூரோ வீதம் 2.5 நொடிக்கு ஒருமுறை இடைவிடாமல் ஆடினால் மணிக்கு 1,440 சுழற்சிகள். சராசரி இழப்பு 57.60 யூரோ. சுழற்சியை 5 நொடியாக நீட்டினால் அதே ஆட்டத்தில் இழப்பு 28.80 யூரோவாகக் குறையும்.

ஐரோப்பியச் சட்டங்கள் அண்மையில் கைவைத்திருப்பது இந்த இடங்களில்தான். பிரித்தானியச் சூதாட்ட ஆணையம் 2021 அக்டோபர் முதல் ஸ்லாட் சுழற்சிக்குக் குறைந்தது 2.5 நொடி என்று விதித்தது. தானாகச் சுழலும் வசதியையும், பணயத்துக்கு மிகாத தொகை திரும்பும்போது கொண்டாட்ட ஒலி எழுப்புவதையும் தடைசெய்தது. 2025-இல் சுழற்சிக்கு அதிகபட்சம் 5 பவுண்டு, 18 முதல் 24 வயதினருக்கு 2 பவுண்டு என்ற வரம்பும் வந்தது. ஜெர்மனியின் 2021 ஒப்பந்தம் இன்னும் கடுமையானது: 5 நொடி, 1 யூரோ.

நேரலை ஆட்டங்கள்

இவ்வகையில் முதன்மையான நிறுவனம் 2006-இல் தொடங்கிய எவல்யூஷன். லாட்வியாவின் ரீகா நகரிலும் பிற இடங்களிலும் உள்ள அரங்குகளில் உண்மையான மேசை, உண்மையான சீட்டு, சிரித்துப் பேசும் நடத்துநர் ஆகியோரைக் கேமரா வழியே காட்டுகிறது. நெட்என்டை 2020-இலும் பிக் டைம் கேமிங்கை 2021-இலும் இதுவே வாங்கிக்கொண்டது. 2018-இல் வெளியான இதன் லைட்னிங் ரூலெட்டில் சில எண்கள் மின்னல் தாக்கியதுபோல் ஒளிர்ந்து, 50 முதல் 500 மடங்கு வரை பரிசு தரும். வழக்கமான ரூலெட்டில் ஒற்றை எண்ணுக்கு 35-க்கு 1 கிடைக்கும். இங்கே மின்னல் விழாத எண்ணுக்கு 29-க்கு 1 மட்டுமே. மின்னலுக்கான செலவை ஒளிராத எண்களில் வென்றவர்களே தருகின்றனர்.

ஆட்ட நிறுவனங்கள் உள்ளூர் ஆட்டங்களையும் எடுத்தாள்கின்றன. தமிழகத்தில் மங்காத்தா, உள்ளே வெளியே என்ற பெயர்களில் அறியப்படும் சீட்டாட்டம், அந்தர் பாகர் என்ற பெயரில் நேரலை அரங்குகளில் இடம்பெற்றுள்ளது. தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்கிறது. 2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற ஒன்றியச் சட்டம், திறன் சார்ந்ததா அதிர்ஷ்டம் சார்ந்ததா என்ற வேறுபாடின்றிப் பணம் வைத்து ஆடும் எல்லா இணைய ஆட்டங்களையும் நடத்துவதையும், விளம்பரப்படுத்துவதையும், அவற்றுக்கான பணப் பரிமாற்றத்துக்கு உதவுவதையும் குற்றமாக்கியுள்ளது.